சுத்திகரித்த கழிவுநீர் திருமணிமுத்தாற்றில் வந்தால் எங்கள் கிணறு என்னவாகும்?

கேட்டவர் உத்தமசோழபுரத்துக்குக் கீழே, ஆற்றை ஒட்டி இரண்டரை ஏக்கர் தென்னை வைத்திருக்கிறார். அவர் கேட்டது இதுதான்: சேலத்துச் சாக்கடையைச் சுத்திகரித்துத்தான் இனி ஆற்றில் விடுவார்களாம், பிஓடி (தண்ணீரில் அழுகும் அழுக்கு எவ்வளவு என்று காட்டும் எண்) பத்துக்குள் இருந்தால் நல்ல தண்ணீர் என்கிறார்கள், அப்படியானால் அதைத் தென்னைக்குப் பாய்ச்சலாமா, கசந்து போன கிணறு தேறுமா, வீட்டுக்குக் குடிக்க எடுக்கலாமா?

நேராகவே சொல்லிவிடுகிறேன். தென்னைக்குப் பாய்ச்சலாம், ஆனால் உரக்கணக்கை மாற்ற வேண்டும். குடிக்க வேண்டாம், அதில் யோசிக்கவே இடமில்லை. கிணறு தேறுமா என்பதற்கு மட்டும் பிஓடி எண்ணில் விடை கிடைக்காது. 18 வருஷம் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் உட்கார்ந்து பாட்டில் பாட்டிலாகச் சோதித்தவன் நான். அந்த ஒரு எண்ணைப் பார்த்து நிம்மதியடைந்து போன விவசாயிகளை நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் நம் ஆற்றைப் பற்றி. திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையில் பிறந்து, சேலம் ஊருக்குள் சுகவனேஸ்வரர் கோயில் பக்கமாக வந்து, உத்தமசோழபுரம் கரபுரநாதர் கோயிலைத் தாண்டி, நாமக்கல் மாவட்டத்தில் நஞ்சை இடையாறு அருகே காவிரியில் சேருகிறது. இது ஜீவநதி இல்லை. மலையில் நல்ல மழை பெய்தால் ஓடும், நின்றால் சில நாளில் அதுவும் நின்றுவிடும். அப்படியென்றால் மாசி, பங்குனி, சித்திரையில் ஆற்றில் ஓடுவது என்ன? சேலம் மாநகரம் குடிப்பதும் குளிப்பதும் மேட்டூரிலிருந்து குழாயில் வரும் காவிரித் தண்ணீர், கூடவே போர் தண்ணீர். அது சமையலறை வழியாகவும் கழிவறை வழியாகவும் இறங்கி ஆற்றுக்கு வருகிறது. மேட்டூரில் எடுத்த காவிரி, நம் வீடுகளைச் சுற்றிவிட்டுத் திருமணிமுத்தாறு வழியாக மறுபடி காவிரிக்கே போய்ச் சேருகிறது, நடுவில் உங்கள் தோப்பைத் தொட்டுக்கொண்டு. கோடையில் ஆற்றில் கழிவுநீர் கலந்திருக்கிறது என்று சொல்வதே தப்பு. கழிவுநீர்தான் ஆறு, கலப்பதற்கு வேறு தண்ணீர் கிடையாது.

இது ஏன் முக்கியம் என்றால், சுத்திகரித்த கழிவுநீர் எவ்வளவு சுத்தமாக இருந்தால் போதும் என்று உலகம் முதலில் கணக்குப் போட்டது மழைக்குப் பஞ்சமில்லாத இங்கிலாந்தில். 1912-ல் அங்கே ஒரு அரச ஆணையம், பிஓடி 20, மிதக்கும் திடப்பொருள் 30 என்று ஒரு அளவைச் சொன்னது. அந்த அளவோடு ஒரு நிபந்தனையும் உண்டு: விடப்படும் கழிவுநீரைப் போல் குறைந்தது 8 மடங்கு நல்ல தண்ணீர் ஆற்றில் ஓட வேண்டும். எண் நாடு நாடாகப் பயணம் செய்தது, நிபந்தனையைப் பாதி வழியிலேயே விட்டுவிட்டார்கள். நம் நாட்டில் 2017-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட அளவுப்படி பெருநகரமும் மாநிலத் தலைநகரும் அல்லாத ஊர்களுக்கு பிஓடி 30 வரை போகலாம். 2019-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதை 10 ஆக இறுக்கியது. நல்ல விஷயம்தான், நான் வரவேற்கிறேன். ஆனால் அந்த 2017 பட்டியலில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். அமில காரத் தன்மை, பிஓடி, மிதக்கும் திடப்பொருள், மலக்கிருமி. நாலே நாலு. உப்பும் இல்லை, நைட்ரஜனும் இல்லை. உங்கள் கிணற்றைத் தொடப்போவதோ இந்த இரண்டும்தான்.

பிஓடி என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் அழுகும் சரக்கைத் தின்பதற்கு நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்ற கணக்கு. நம் ஊர் வெயிலுக்கு ஏற்ப 27 டிகிரியில் 3 நாள் வைத்து அளப்போம். வீட்டுச் சாக்கடையில் அது லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரை இருக்கும். சுத்திகரிப்பு நிலையத்தில் சல்லடை, மணல் தொட்டி எல்லாம் தாண்டி, காற்றூட்டும் தொட்டியில் புளோயர் வைத்து ஊதுவார்கள், நுண்ணுயிர்கள் அந்தக் காற்றை எடுத்துக்கொண்டு அழுக்கைத் தின்று பெருகும், அப்புறம் அடுத்த தொட்டியில் சகதியாக அடியில் படியும், மேலே தெளிந்த தண்ணீர் வழியும். 1914-ல் மான்செஸ்டரில் கண்டுபிடித்த முறை, இன்றைக்கும் அடிப்படை அதேதான். ஒழுங்காக ஓட்டினால் பிஓடி பத்துக்குள் வருவது பெரிய அதிசயம் இல்லை. நாற்றம் போகும், கொசு குறையும், மீன் பிழைக்கும். பல வருஷமாகச் சாக்கடை நாற்றத்தில் குடியிருந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று எனக்குத் தெரியும்.

ஆனால் அதே தொட்டியில் இன்னொன்றும் நடக்கிறது. சாக்கடையில் சிறுநீரிலிருந்து வந்த அம்மோனியா இருக்கும். காற்று ஊத ஊத அது நைட்ரேட்டாக மாறிவிடும். அந்த நைட்ரேட்டை எடுக்க, காற்றே படாத தனிக் கட்டம் ஒன்று வேண்டும், அங்கே வேறு வகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியே விட்டுவிடும். அந்தக் கட்டம் இல்லாவிட்டாலோ சரியாக ஓட்டாவிட்டாலோ, கண்ணாடி மாதிரி தெளிந்த, பிஓடி 8 உள்ள தண்ணீரில் நைட்ரேட் நிறைந்திருக்கும். கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். சாதாரண வீட்டுச் சாக்கடையில் லிட்டருக்கு 40 மில்லிகிராம் நைட்ரஜன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தனையும் நைட்ரேட்டானால் லிட்டருக்கு 170 மில்லிகிராமுக்கு மேல் போகும். குடிநீரில் அனுமதித்த அளவு 45. நைட்ரேட்டுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது, கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணீர் ஆவியாவதால் கொஞ்சம் கூடத்தான் செய்யும். கைக்குழந்தைக்குப் பால்மாவு கலக்க இந்தத் தண்ணீரை எடுத்தால் ரத்தம் ஆக்சிஜன் சுமக்கும் திறன் குறைந்து உடம்பு நீலம் பாரிக்கும் ஆபத்து உண்டு. இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை, வீட்டில் பேரன் பேத்தி பிறக்கப் போகிறது என்றால் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

இப்போது உரக்கணக்கு. தென்னைக்கு வருஷம் முழுக்க ஆற்றுத் தண்ணீரே பாய்ச்சினால், ஏக்கருக்கு சுமார் 40 லட்சம் லிட்டர் போகும் என்று வையுங்கள், அதாவது நிலத்தின் மேல் ஒரு மீட்டர் உயரம். 40 மில்லிகிராம் வீதம் அதில் 160 கிலோ நைட்ரஜன் வந்து இறங்குகிறது. ஒரு 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது 21 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஆகவே ஏக்கருக்கு ஏழு மூட்டைக்கு மேல் யூரியாவைத் தண்ணீரே கொண்டுவந்து போடுகிறது, அதுவும் காசில்லாமல். இது தெரியாமல் வழக்கம்போல நாமும் மூட்டையைப் பிரித்துக் கொட்டினால் மரம் எவ்வளவுதான் எடுக்கும்? மிச்சம் முழுக்க மண்ணுக்குள் இறங்கி உங்கள் கிணற்றுக்கே வந்து சேரும். சாக்கடை கெடுத்தது என்று நாம் சொல்லும் கிணறுகளில் சிலவற்றைக் கெடுத்தது சாக்கடையும் யூரியாவும் சேர்ந்துதான். ஆகவே முதல் வேலை, பாசனத் தண்ணீரில் நைட்ரேட்டும் அம்மோனியாவும் சோதித்துப் பார்த்து, அதற்குத் தக்க யூரியாவைக் குறையுங்கள் அல்லது நிறுத்துங்கள். பொட்டாஷ் மட்டும் மண் பரிசோதனை பார்த்துப் போடுங்கள்.

அடுத்தது உப்பு. என் மனசை அதிகம் அரிப்பது இதுதான். சுத்திகரிப்பு நிலையம் உப்பை எடுக்காது. நுண்ணுயிருக்கு உப்பைத் தின்னத் தெரியாது, கரைந்த உப்பு அடியில் படியவும் படியாது. குழாய்த் தண்ணீர் ஒரு தடவை வீட்டைச் சுற்றி வந்தாலே லிட்டருக்கு 200 முதல் 400 மில்லிகிராம் உப்பு கூடிவிடும், நாம் சாப்பிடும் உப்பு, சோப்புத்தூள் எல்லாம் சேர்ந்து. அதோடு சேலத்துப் போர் தண்ணீரும் கலப்பதால் வெளியே வரும்போது டிடிஎஸ், அதாவது கரைந்த உப்பின் மொத்த அளவு, லிட்டருக்கு 1500 மில்லிகிராம் இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். 1500 என்றால் ஆயிரம் லிட்டருக்கு ஒன்றரை கிலோ. மேலே சொன்ன 40 லட்சம் லிட்டருக்கு 6 டன். வருஷத்துக்கு ஏக்கருக்கு 6 டன் உப்பு! தண்ணீரை வெயில் கொண்டுபோய்விடும், உப்பு அங்கேயே கிடக்கும். மழை நாட்டில் அதை மழை கழுவிவிடும். நம் ஊரில் புரட்டாசி, ஐப்பசி மழை நன்றாகப் பெய்தால் ஓரளவு கழுவும், பொய்த்த வருஷத்தில் தென்னை ஓலை நுனி காய ஆரம்பிக்கும்.

வீட்டுச் சாக்கடை மட்டும் என்றால் இதைக்கூடச் சமாளிக்கலாம். சாயப்பட்டறைத் தண்ணீர் அதே குழாயில் நுழைந்தால் கதையே வேறு. துணியில் சாயம் பிடிக்க லிட்டருக்கு 40 கிராம், 80 கிராம் என்று உப்புப் போடுகிறார்கள், கிராம் கணக்கில், மில்லிகிராமில் இல்லை. அந்த உப்பில் துளிகூடத் துணியில் நிற்காது, அத்தனையும் வெளியே வரும். நிறத்தை எடுத்துவிட்டோம் என்று சொல்வார்கள், நிறம் போனால் உப்பு போய்விட்டது என்று அர்த்தமில்லை. நொய்யலைப் பாருங்கள். பாசனத்துக்காக 1992-ல் முடித்த ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயத்தண்ணீர் தேங்கும் குட்டையாகிப் போய், தண்ணீரைத் திறக்காதே என்று விவசாயிகளே கேட்கும் நிலைமை வந்தது. கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு அந்த ஊர் தீவிரமாக மாறியது. நமக்கு அடுத்த வீட்டில் நடந்தது அது. சேலத்தில் சாயப்பட்டறையோடு ஜவ்வரிசி ஆலையும் வெள்ளிப் பட்டறையும் இருக்கின்றன. ஜவ்வரிசித் தண்ணீர் புளித்து நாறும், பிஓடி ஆயிரக்கணக்கில் இருக்கும், ஆனால் அது மாவுச்சத்துதான், மூடிய தொட்டியில் விட்டு எரிவாயு எடுத்துக்கொள்ளலாம், பல ஆலைகள் எடுக்கவும் செய்கின்றன. வெள்ளியை அமிலத்தில் கரைத்துச் சுத்தம் செய்யும் இடத்துத் தண்ணீர் வேறு ரகம். அதில் உள்ள உலோகம் போய்ச் சகதியில் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் அந்தச் சகதியை எருவாகக்கூட வயலில் போட முடியாது.

நமீபியா நாட்டில் விண்டோக் என்று ஒரு வறண்ட ஊர். 1968-லிருந்து சாக்கடையைச் சுத்திகரித்து நேராகக் குடிநீர்க் குழாயிலேயே கலக்கிறார்கள். அதற்குப் பல அடுக்கு எந்திரங்கள் இருக்கின்றன, உண்மைதான், ஆனால் எனக்கு அதில் பிடித்தது வேறு: தொழிற்சாலைக் கழிவை வீட்டுச் சாக்கடையோடு கலக்கவே விடாமல் தனியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். கலந்த பிறகு பிரிப்பதைவிடக் கலக்காமல் வைப்பது எத்தனையோ மடங்கு சுலபம். நம் பாதாளச் சாக்கடைத் திட்டத்தில் கோடி கோடியாய் எந்திரம் வாங்குவதைவிட, எந்தப் பட்டறை இரவில் எந்த மூடியைத் திறந்து விடுகிறது என்று பார்க்க நாலு பேரைப் போட்டால் உங்கள் தோப்புக்கு அதிக நன்மை.

ஆர்ஓ போட்டு உப்பை எடுத்துவிடலாமே என்று கேட்பீர்கள். சென்னையில் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் ஒவ்வொன்றும் நாளுக்கு 4.5 கோடி லிட்டர் கொடுக்கும் ஆர்ஓ நிலையங்கள் கட்டி, தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கிறார்கள். நல்ல வேலை. ஆனால் ஆர்ஓ உப்பை அழிப்பதில்லை, ஒரு பக்கம் ஒதுக்குகிறது. ஒதுக்கிய உப்புத் தண்ணீரை எங்கே விடுவது? சென்னைக்குக் கடல் பக்கத்தில் இருக்கிறது. சேலத்துக்கு இருப்பது திருமணிமுத்தாறும் சரபங்கா ஆறும்தான்.

கிருமி விஷயத்துக்கு வருகிறேன். பச்சைச் சாக்கடையில் 100 மில்லிக்குப் பத்து லட்சம், ஒரு கோடி என்று மலக்கிருமி இருக்கும். அந்த 2017 அளவுப்படி ஆயிரத்துக்குள் கொண்டுவர வேண்டும். குடிநீரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஆயிரத்துக்கும் பூஜ்யத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் நான் குடிக்காதீர்கள் என்று சொல்வதற்குக் காரணம். இன்னொன்று, குளோரின் குடற்புழு முட்டையைக் கொல்வதில்லை, அது தொட்டியில் நின்று படிந்தால்தான் போகும். அதனால் தென்னை, கரும்பு, சோளத்தட்டு சரி, கீரைக்கும் கொத்தமல்லிக்கும் முள்ளங்கிக்கும் இந்தத் தண்ணீர் வேண்டாம். மடை திருப்பும் ஆட்கள் வெறுங்காலோடு நிற்கக் கூடாது. கூலிக்கு வரும் அம்மாக்களுக்கும் பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள், இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

இஸ்ரேலில் டெல் அவிவ் சாக்கடையைச் சுத்திகரித்து மணலில் ஊற விட்டு, மாதக்கணக்கில் மணல் வடிகட்டிய பிறகு எடுத்துப் பாசனம் செய்கிறார்கள், நம் ஊர்க் கிணறும் அப்படி வடிகட்டாதா என்று ஒருவர் என்னிடம் முன்பு கேட்டார். அது கடற்கரை மணல். நமக்குக் கீழே கிடப்பது பாறை. மேல் மண்ணைத் தாண்டினால் வெடிப்பு வழியாகத் தண்ணீர் விறுவிறுவென்று ஓடிவிடும், வடிகட்ட நேரமே இருக்காது. ஏற்காட்டில் செப்டிக் டேங்க் நீர் கீழே உள்ள ஊற்றில் தலைகாட்டக்கூடும் என்று நான் பயப்படுவதும் இதே காரணத்தால்தான்.

சரி, கிணறு கசப்பதற்குச் சாக்கடைதான் காரணம் என்று எப்படித் தெரியும்? இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. சேலம் வெள்ளைக்கல் பூமி, சுண்ணாம்புக்கரட்டில் மேக்னசைட் வெட்டி எடுக்கிறோம். சாக்கடையே தொடாத கிணற்றிலும் மக்னீசியம் அதிகமாக, பருப்பு வேகாத கடினத்தன்மையோடு தண்ணீர் இருக்கலாம். கடினத்தன்மையை மட்டும் பார்த்து முடிவு கட்ட வேண்டாம். கடினம் அதிகம், ஆனால் குளோரைடும் நைட்ரேட்டும் குறைவு என்றால் அது பெரும்பாலும் பாறை. குளோரைடு, நைட்ரேட், பொட்டாசியம் மூன்றும் சேர்ந்து ஏறியிருந்தால், கூடவே மலக்கிருமியும் இருந்தால், சாக்கடை வந்துவிட்டது. நைட்ரேட் மட்டும் தனியாக எகிறியிருந்தால் உங்கள் யூரியாவையும் மாட்டுக் கொட்டகையையும் பாருங்கள். சோடியம், சல்பேட்டு, குளோரைடு எல்லாம் ஒரேயடியாக ஏறியிருந்தால் எனக்குச் சந்தேகம் சாயத்தண்ணீர் மேல்தான் போகும்.

மாதிரி எடுப்பதிலும் ஒரு பாடம் சொல்கிறேன். பெயர் வேண்டாம், ஒரு சுத்திகரிப்பு நிலையத்துக்கு நான் சோதனைக்குப் போவேன். காலை 11 மணிக்கு எடுத்த பாட்டில் எப்போதும் அருமையாக இருக்கும். ஒரு நாள் வேறு வேலையாக விடியற்காலை 5 மணிக்கு அந்தப் பக்கம் போனேன். காற்றூட்டும் தொட்டி கருத்துக் கிடந்தது, முட்டை அழுகிய நாற்றம். மின்கட்டணத்தை மிச்சம் பிடிக்க ராத்திரி முழுக்க புளோயரை நிறுத்திவிடுகிறார்கள் என்று அங்கே வேலை பார்த்த பையன் சொன்னான். நிலையத்தின் மின்செலவில் பாதிக்கு மேல் புளோயருக்குத்தான் போகும், அதனால் கை முதலில் அங்கேதான் போகிறது. காற்று நின்றால் சில மணி நேரத்திலேயே நுண்ணுயிர்கள் சாக ஆரம்பிக்கும். அந்த நாற்றம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது, ஏனென்றால் அதற்கு முன் மூன்று வருஷமாக அந்த 11 மணிப் பாட்டிலுக்குத்தான் நான் நல்ல சான்றிதழ் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஊருக்குள் குழாய் போட்டால் மட்டும் சாக்கடை நிலையத்துக்குப் போய்விடாது, ஒவ்வொரு வீடும் இணைப்பு எடுக்க வேண்டும். எடுக்காத வீட்டுத் தண்ணீர் பழைய ஓடை வழியாக நேராக ஆற்றுக்குத்தான் வரும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2021 கணக்குப்படி இந்திய நகரங்களில் நாளொன்றுக்கு 7,236 கோடி லிட்டர் சாக்கடை உண்டாகிறது, சுத்திகரிக்க வசதி இருப்பது 3,184 கோடிக்கு, உண்மையில் சுத்திகரிப்பது அதைவிடவும் குறைவு. அதனால் நிலையத்தின் வாசலில் எடுத்த எண்ணை வைத்து உங்கள் தோப்பில் வரும் தண்ணீரை எடை போடாதீர்கள், இரண்டுக்கும் நடுவில் எத்தனை ஓடை கலக்கிறது என்று நீங்களே கரையோரமாக ஒரு நடை நடந்து எண்ணிப் பாருங்கள்.

நீங்கள் இந்த வருஷம் செய்ய வேண்டியது என்று நான் சொல்வது: சித்திரைக் கடைசியில், ஆறு வற்றி கழிவுநீர் மட்டும் ஓடும்போது, காலை 6 மணிக்கு ஒரு பாட்டில், மதியம் ஒரு பாட்டில் ஆற்றிலிருந்து எடுங்கள். அதே நாள் மோட்டாரை அரை மணி நேரம் ஓட விட்டுக் கிணற்றிலிருந்து ஒன்று. மழை முடிந்து கார்த்திகையில் மறுபடி இதே மூன்றும். டிடிஎஸ், குளோரைடு, சோடியம், பொட்டாசியம், மக்னீசியம், சல்பேட்டு, நைட்ரேட் கேளுங்கள், ஆற்றுத் தண்ணீருக்கு அம்மோனியாவும், கிணற்றுக்கு மலக்கிருமியும் சேர்த்து. கிருமிப் பாட்டில் மட்டும் பரிசோதனைக் கூடத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள், வீட்டு பாட்டில் ஆகாது, எடுத்தவுடன் ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். மழைக்குப் பின் கிணற்று உப்பு நன்றாக இறங்கினால் மண் இன்னும் கழுவிக்கொண்டிருக்கிறது, ஆற்றுத் தண்ணீரையும் கிணற்றுத் தண்ணீரையும் மாற்றி மாற்றிப் பாய்ச்சிச் சமாளிக்கலாம். இறங்கவே இல்லை என்றால் ஆற்றுத் தண்ணீரை மழைக்கு முந்திய இரண்டு மாதம் நிறுத்திப் பாருங்கள். இரண்டு முடிவையும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.